வேலூர் நாட்குறிப்பு: கேவுரு கூழ் வந்த ஞாயிறு

நாள் 30, சனிக்கிழமை

இன்று எழுத அதிகம் இல்லை. காலையில் மருந்துக் கடை, அப்புறம் காந்தி ரோட்டில், இருதய அறுவை ஆன அப்பாவுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த அரைக்கைச் சட்டை இரண்டு. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுகிற உடுப்பு இன்னும் சில வாரத்துக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் பாதிப் பெயர்ப் பலகை வங்காள எழுத்தில்தான் இருக்கும். கல்கத்தாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் அப்படிக் குவிந்திருக்கிறார்கள். கண்டியிலிருந்து வந்த எனக்கு இங்கே தமிழில் பேரம் பேச முடிகிறதே, அது எவ்வளவு பெரிய வசதி என்று அவர்களைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

ஷேர் ஆட்டோவில் சத்துவாச்சாரிக்குத் திரும்பும்போது மணி ஒன்று. நல்ல வெயில். நாளை ஞாயிறு, ஓ.பி. கிடையாது. திங்கள் காலைதான் அடுத்த பரிசோதனை.

நாள் 31, ஞாயிற்றுக்கிழமை

ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிட்டது. ஆடி ஞாயிறு. தெருமுனையில் இருக்கிற மாரியம்மன் கோயிலில் இன்று கூழ் ஊற்றுகிறார்கள் என்று நேற்றே வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். நான் அதை மறந்து, அலாரம் அடித்தும் எழுந்திருக்காமல் விட்டுவிட்டேனோ என்று பதறி எழுந்தேன். கைப்பையைத் திறந்து ஆஸ்பத்திரி அட்டை இருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது, இன்று எங்கேயும் போகத் தேவையில்லை. திரும்பவும் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. ஆனால் படுத்திருக்கலாம் என்பதே சுகமாக இருந்தது.

வந்த முதல் வாரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து லாட்ஜில் இருந்தோம். ஒரு அறை, ஒரு கட்டில், ராத்திரி முழுக்க மாடிப்படியில் காலடிச் சத்தம். அங்கேயிருந்து அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை என்றால் ஒரு மாதம் எப்படி ஓட்டுவது என்று கலங்கிப்போய்த்தான் இந்த வீட்டைத் தேடிப் பிடித்தேன். வீட்டின் பின்பக்கப் போர்ஷன். ஒரு கூடம், ஒரு அறை, சின்னச் சமையல்கட்டு, கிரில் போட்ட வராந்தா, அதற்கு வெளியே ஒரு வேப்பமரம். நாங்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்பதால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் நிரப்பிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அவர் மகன் அலைபேசியில் எங்கள் கடவுச்சீட்டுகளையும் மருத்துவ விசாவையும் படம் பிடித்து அதைச் செய்துகொடுத்தான். 'இந்தியாவில் இவரின் முகவரி' என்ற கட்டத்தில் இந்த வீட்டு எண் ஏறியது. அன்றிலிருந்து இது எங்கள் வீடு.

ஆனால் வீட்டில் இருந்தோமா என்றால் இல்லை. அறுவைக்கு முன்னால் பரிசோதனை, பரிசோதனை, ரத்தம் கொடுக்க ஆள் தேடுவது. அறுவை நடந்த பிறகு எட்டு நாள் நான் வார்டுக்கு வெளியே. அப்பா வீடு வந்து ஒன்பது நாளாகிறது. அந்த ஒன்பது நாளும் மாத்திரை நேரம், காயத்துக்குக் கட்டு மாற்றுவது, காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது. ஒரு முழு நாள், எந்த அவசரமும் இல்லாமல், நானும் அவரும் இந்தக் கூரைக்குக் கீழே இருந்தது இன்றுதான்.

ஆறரைக்கு அப்பா எழுந்தார். முதல் வேலை அந்த மூன்று பந்துக் கருவி. குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே ஏற வேண்டும். பைபாஸ் ஆனவர்களுக்கு நெஞ்சுச்சளி கட்டாமல் இருக்க இதுதான் பெரிய மருந்து. முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. இன்று இரண்டு பந்து மேலே போய் நின்றன, மூன்றாவது துள்ளியது. பிறகு இருமல் வந்தது. தலையணையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொண்டு இருமினார். பிளந்து கம்பி போட்டுக் கட்டிய மார்பெலும்பு, அப்படிப் பிடித்துக்கொண்டால்தான் அசையாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இருமும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன். இன்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வலி குறைந்திருக்கிறது, முகம் சொல்லியது.

தேநீர். அப்பாவுக்கு ஆவின் பால் ருசிக்கவில்லை. ஊரில் ஆயுள் முழுக்கப் பால்மாவில் கலந்த தேத்தண்ணி குடித்தவர். நான் கொண்டுவந்த பால்மா பாக்கெட் முந்தாநாள் முடிந்துவிட்டது. சரி என்று இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்டீயாகவே கொடுத்துவிட்டேன். தேயிலை மட்டும் இன்னும் இருக்கிறது, கண்டிக்குப் பக்கத்துக் கலஹாவிலிருந்து கொண்டுவந்தது. அப்பா பிறந்த தோட்டம் அந்தப் பக்கம்தான். இலங்கையில் முதன்முதலாக 1867இல் வியாபாரத்துக்காகத் தேயிலை நட்ட லூல்கந்துரத் தோட்டமும் அதே மலைத்தொடரில்தான் இருக்கிறது. அந்தத் தேத்தண்ணியின் வாசனை வந்ததும் அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

எட்டு மணிக்குள் துணி துவைத்துவிட வேண்டும், அதற்கு மேல் வெயில் அடிக்க ஆரம்பித்துவிடும். இந்த ஊரை வெயிலூர் என்றே கேலியாகச் சொல்கிறார்கள். துவைக்கப் போர் தண்ணீர், நுரையே வராது. குடிக்கக் குழாயில் வருவது காவிரித் தண்ணீராம். பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர், தண்ணீரை மேட்டூர்ப் பக்கமிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருகிறது. வந்த அன்றைக்குப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றைத் தேடினேன். மணலும் சீமைக் கருவேலமும்தான் கண்ணில் பட்டன. 2021இல் இதே ஆற்றில் இரண்டு கரையும் முட்ட வெள்ளம் போனதாம், மக்கள் குடும்பத்தோடு வந்து நின்று பார்த்தார்களாம்.

வேலூரைப் பற்றி இங்கே ஒரு சொலவடை உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்குவார்கள். இதில் கடைசியை மட்டும் இப்போது சொல்லக்கூடாது என்று எங்களைக் கூட்டிவந்த ஆட்டோக்காரர் திருத்தினார். கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் வெறும் கல் கட்டடமாக நின்றிருக்கிறது. 1981இல்தான் லிங்கத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதுவரை அந்த லிங்கம் இருந்தது எங்கே தெரியுமா? இந்தச் சத்துவாச்சாரியில். சாமியே வீட்டைவிட்டு வந்து தங்கியிருந்த ஊர் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா அதைக் கேட்டுக் கும்பிட்டார்.

ராஜா இல்லாத கோட்டை என்பதில் எனக்கு வேறொரு நினைப்பு. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு நாள் மாலை உறவினர் ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் எனக்குப் பதிலாக இருந்தார். எங்கே போவதென்று தெரியாமல் கோட்டைக்குப் போனேன். உள்ளே ஒரு கட்டடத்தின் பெயர் கண்டி மகால். நான் அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் ஊர்ப் பெயர். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பிரிட்டிஷார் 1815இல் பிடித்து, 1816இல் குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்து காவலில் வைத்தார்கள். 16 வருஷம் இங்கேயே இருந்து 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருக்கிறது, முத்து மண்டபம் என்கிறார்கள். கண்டி வாவியை வெட்டிய ராஜா தண்ணீரில்லாத ஆற்றின் கரையில் கிடக்கிறார்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், தோட்டப் பாடசாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் சரித்திரம் படிப்பித்தவர். இன்று துணி காயப்போட்டுவிட்டு வந்து கண்டி மகாலைப் பற்றிச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ராஜாவை எங்கே நாடுகடத்தினார்கள் என்று வருஷா வருஷம் கேள்வி குடுப்பேன் மகள். பிள்ளைகள் வேலூர் என்று எழுதுவாங்க. அதுக்கு ஒரு மார்க். வேலூர் எங்க சேர் இருக்குன்னு ஒருத்தன் கேட்டான். தேசப்படத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அந்த விரல் வைத்த இடத்தில் வந்து படுத்திருக்கேன்."

நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வைத்திருந்தேன். காம்பில் முள் இருக்கும், கவனமாகப் பிடிக்க வேண்டும். இலவம்பாடிப் பக்கம் விளைவது, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த காய். சதை நன்றாக வெந்தாலும் உருக்குலையவில்லை. ஊர் வழக்கப்படி தேங்காய்ப்பால் விட்டுப் பால்கறியாக வைத்தேன், உப்பு மிகக் கொஞ்சம். உப்பில்லாத சாப்பாட்டில் அப்பா முகம் சுளிக்காமல் சாப்பிட்ட கறி இந்த ஒன்பது நாளில் இதுதான் என்பதால் எழுதி வைக்கிறேன். புளி ஒரு சொட்டு, கறிவேப்பிலை தாராளமாக. உப்புக் குறைவு தெரியவில்லை.

பதினோரு மணி இருக்கும். அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தேன். வராந்தாக் கிரில் கதவுக்கு வெளியே வீட்டுக்காரம்மாவின் குரல்.

"இன்னாம்மா, அப்பா முழிச்சிகினு கீறாரா?"

இந்த அம்மா என்னோடு பேசும்போது இப்படித்தான் பேசுவார், எனக்குப் பழகிவிட்டது. அப்பாவிடம் மட்டும் வெளிநாட்டுக்காரர், வாத்தியார் என்ற மரியாதையில் ஒவ்வொரு சொல்லாகத் திருத்தி, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். இன்று கையில் சொம்பு, இடுப்பில் தட்டு, கோயிலில் கூட்டம், அவசரம். அவசரத்தில் குரலும் உயர்ந்திருந்தது.

அறைக்குள்ளிருந்து அப்பா கூப்பிட்டார். "யாரது பேசுறது?"

"வீட்டுக்காரம்மா அப்பா."

"உள்ளே வரச் சொல்லுங்க."

நான் திரும்பிப் பார்த்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து உட்கார நான்தான் முதுகில் கை கொடுக்க வேண்டும், தானாக எழக்கூடாது. எப்படி எழுந்தார் என்று தெரியவில்லை. வீட்டுக்காரம்மா உள்ளே வந்து சொம்பை வைத்தார். "கூழு கொண்டாந்தேன்ண்ணா. கேவுரு கூழு. கோயில்ல ஊத்துனது. உப்பு போடாத தனியா எடுத்துகினு வந்தேன், உங்களுக்கு ஆகாதுன்னு பாப்பா சொல்லிச்சி."

அப்பா கேட்டார்: "என்ன கூழ்?"

"கேவுரு கூழுண்ணா. கேழ்வரகு."

அப்பா அந்தச் சொல்லை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். கேவுரு. எங்கள் ஊரில் அதைக் குரக்கன் என்போம், சிங்களவரும் குரக்கன்தான் என்பார்கள். வாழ்க்கையில் அப்பா வாயிலிருந்து கேவுரு என்ற சொல்லை நான் கேட்டதில்லை. "ஆயா சொல்றது," என்றார். "எங்க ஆயா இப்படித்தான் சொல்லும்."

ஆயா என்றால் அப்பாவின் அப்பாவைப் பெற்ற தாய். தோட்டத்தில் எல்லோரும் அப்பாயி, அம்மாயி, பாட்டி என்று கூப்பிட, எங்கள் வீட்டில் மட்டும் ஆயா. அதற்குக் காரணம் இருப்பதாக நான் யோசித்ததே இல்லை. இங்கே வந்த பிறகு பார்க்கிறேன், இந்த ஜில்லா முழுக்க ஆயாதான். பக்கத்து வீட்டுப் பையன் காலையில் இருந்து ராத்திரி வரை ஆயா, ஆயா என்று கத்திக்கொண்டேதான் இருக்கிறான்.

வீட்டுக்காரம்மா போகவில்லை. கோயிலில் கூட்டம் என்றவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா பேச ஆரம்பித்தார். நான் கேட்டிராத கதை. ஆயா பன்னிரண்டு வயதில் தாய் தகப்பனோடு இங்கேயிருந்து கிளம்பி, மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியவர். தோட்டத்தில் பெரும்பாலும் திருச்சி, சேலம் பக்கத்து ஆட்கள். அவர்கள் நடுவில் ஆயாவின் பேச்சு தனியாகத் தெரிந்தது. கீறான், கீது, குந்து, வந்துகினு, எதுக்கோசரம். லயத்துப் பிள்ளைகள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள், அப்பாவைக் 'கீறான் வீட்டுப் பேரன்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். சண்டை போட்டிருக்கிறார், அழுதிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சு வாயில் வந்ததற்காக அடியும் வாங்கியிருக்கிறார்.

"எட்டாம் வகுப்பில் இருக்கும்போது ஆயாவிடமே சொன்னேன்," என்றார் அப்பா. "கீதுன்னு சொல்லாதே ஆயா, இருக்கிறதுன்னு சொல்லுன்னு. அது சரிடான்னு சொல்லிச்சி. அதுக்குப் பிறகு என் முன்னால் பேசுறதையே குறைச்சிடுச்சி."

வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் முடியவில்லை. அப்பா மட்டும் அழவில்லை. கூழைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு, மெதுவாக, முழுவதையும் குடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எந்தப் பாத்திரத்தையும் அவர் காலி செய்து நான் பார்க்கவில்லை.

பிறகு என் பையில் இருக்கிற ஃபைலை எடுத்துவரச் சொன்னார். மருத்துவ அறிக்கைகளுக்கு அடியில் ஒரு பழைய தாளின் நகல். 1948இல் இலங்கையில் எங்கள் ஆட்களின், தோட்டத் தமிழர்களின், குடியுரிமை போனது. 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின் கீழ், குடியுரிமை வேண்டுமென்றால் விண்ணப்பம் போட வேண்டும், எத்தனை வருஷமாக இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். தாத்தா போட்ட விண்ணப்பத்துக்காகத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதிக்கொடுத்த விவரத்தாள் அது. தாயார் பிறந்த இடம் என்பதற்கு நேரே: வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா. அதற்குப் பிறகு கிராமத்தின் பெயர். அந்த இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. முதல் எழுத்து 'க' போலவும் இருக்கிறது, 'த' போலவும் இருக்கிறது. இந்தத் தாளை இவர் வேலூருக்குக் கொண்டுவந்ததே எனக்குத் தெரியாது.

"போளூரா?" என்றார் வீட்டுக்காரம்மா. "என் நாத்தனார் ஊரு கண்ணமங்கலம். அதத் தாண்டிப் போனா போளூரு. இன்னா ஒரு அம்பது கிலோமீட்டர் கீதா, அவ்ளோதாண்ணா!"

அவர் போன பிறகு நான் வரைபடத்தில் பார்த்தேன். வட ஆற்காடு என்ற ஜில்லா இப்போது இல்லை. 1989இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள், போளூர் திருவண்ணாமலைப் பக்கம் போனது. மிச்சமிருந்த வேலூரையும் 2019இல் மூன்றாக்கி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று தனி மாவட்டங்கள் வந்தன. ஆயாவின் தாளில் இருக்கிற முகவரியில் ஜில்லாவும் இல்லை, கிராமத்தின் பெயரும் இல்லை. தாலுகா மட்டும் மிஞ்சியிருக்கிறது.

1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது, எங்கள் ஆட்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அவர்கள் யாரையும் கேட்டுச் செய்த முடிவு இல்லை அது. அந்த நாளில் தோட்டத்தில் ஒவ்வொரு லயத்திலும் போவதா இருப்பதா என்ற பேச்சுத்தான் என்று அப்பா சொன்னார். ஆயாவிடமும் கேட்டிருக்கிறார்கள், உன் ஊருக்குப் போகலாமா என்று. ஆயா சொன்னது ஒரே வார்த்தை: "அங்க யாரு கீறாங்க எனுக்கு?"

அப்பா அதை ஆயாவின் பேச்சிலேயே சொன்னார். திருத்தவில்லை.

மத்தியானம் இருவரும் தூங்கினோம். நான் பகலில் தூங்கி எத்தனை வருஷமாகிறது என்று தெரியவில்லை. மின்விசிறிச் சத்தம், வெளியே வேப்பமரத்தில் ஒரு குயில், தூரத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிற லாரிகள். கோயில் ஒலிபெருக்கியையும் சாப்பாட்டு நேரத்தில் நிறுத்தியிருந்தார்கள். மூன்றரைக்கு எழுந்தபோது ஒரு நொடி எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. கண்டி வீட்டில் என்றே நினைத்தேன். கையை நீட்டினால் சுவர் வேறு பக்கம் இருந்தது.

நான்கு மணிக்கு வாட்ஸ்அப்பில் வீட்டோடு பேசினோம். இங்கேயும் அங்கேயும் ஒரே நேரம், அது ஒரு நிம்மதி. மகன், கண்டியில் பெரஹரா திருவிழா நெருங்குகிறது, தாத்தா வந்துவிடுவாரா என்று கேட்டான். இந்த வருஷம் இல்லை என்று அப்பாவே சொன்னார். பிறகு அவனிடம், "குரக்கனுக்கு இன்னொரு பேர் இருக்கு, தெரியுமா?" என்று கேட்டுச் சொல்லிக்கொடுத்தார். மூன்று தரம் சொல்லவைத்தார். அவர் சத்தமாகப் பேசினால் மூச்சு வாங்கும் என்று நான் நிறுத்தப் பார்த்தேன். கேட்கவில்லை.

மாலையில் நடை. டாக்டர் சொன்ன கணக்கு, காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம். இரத்தக்குழாய் எடுத்த காலில் இறுக்கமான காலுறை. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பதினான்கு அடி. அப்பா நடக்கிறார், நான் கூட நடக்கிறேன். இரண்டாவது சுற்றில் மேற்கே இருட்டியது. சத்துவாச்சாரிக்குப் பின்னால் இருக்கிற மொட்டைப் பாறை மலைமீது மின்னல். ஆடி மாதத்தில் இங்கே பகல் முழுக்க வெயில் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் இப்படித் திடீரென்று கொட்டும். துணியை எடுக்க ஓடினேன். திரும்பி வருவதற்குள் மழை பிடித்துவிட்டது. சூடான பாறையில் தண்ணீர் விழுந்த வாசனை. எங்கள் மலையில் மழை பெய்தால் மண்ணும் தேயிலையும் மணக்கும். இது வேறு வாசனை, கருங்கல்லின் வாசனை.

அப்பா கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வாருங்கள், சாரல் படும் என்றேன்.

"போளூருக்கு ரயில் போகுமா?"

வேலூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து போகும், விழுப்புரம் வழித்தடம், கண்ணமங்கலம், ஆரணி ரோடு, அப்புறம் போளூர் என்று மத்தியானம் வரைபடத்தில் பார்த்ததைச் சொன்னேன். ஆனால் அங்கே போய் யாரைப் பார்ப்பது, கிராமத்தின் பெயர்கூடத் தெரியாதே என்று கேட்டேன்.

"யாரையும் பார்க்க வேண்டாம். ஸ்டேஷனில் இறங்குவோம். வெளியே கடை இருக்கும்தானே? ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு அடுத்த வண்டியில் வந்திடுவோம். கடைக்காரர் பேசுவார், நான் கேட்டுக்கொண்டு நிற்பேன்."

ராத்திரிக்கு இட்லி. மாத்திரை ஒன்பது. காயம் உலர்ந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை. எட்டரைக்குள் அப்பா தூங்கிவிட்டார்.

நாள் 32, திங்கட்கிழமை

நாலரைக்கு எழுந்து ஐந்தரைக்கு ஆஸ்பத்திரி வரிசை. ரத்தம், இசிஜி, எக்ஸ்ரே. பன்னிரண்டு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். எல்லாம் திருப்தி என்றார், உப்பை மட்டும் இன்னும் குறைக்கச் சொன்னார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றதும் அப்பா முந்திக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் ரயிலில் போகலாமா? இரண்டு வாரம் போகட்டும், கூட்டமில்லாத வண்டியாக இருக்கட்டும், பை எதையும் தூக்கக்கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் பேனாவை வாங்கிக்கொண்டு நாட்காட்டிக்கு முன்னால் போய் நின்றார். வீட்டுக்காரம்மா கொடுத்த தினசரி நாட்காட்டி, தாள் தாளாகக் கிழிப்பது. பதினான்கு தாளை ஒவ்வொன்றாகத் தூக்கி எண்ணி, பதினைந்தாவதில் போளூர் என்று எழுதினார். வாத்தியார் கையெழுத்து, குண்டு குண்டாக, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி. பிறகு கிரில் கதவு வரைக்கும் நடந்துபோய், வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, போளூருக்குக் காலை வண்டி எத்தனை மணிக்கு, நாத்தனாரைக் கேட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"கேட்டுச் சொல்றேண்ணா. நீங்க போய்க் குந்துங்க," என்றார் அவர்.

அப்பா போய்க் குந்தினார்.